தொகுதி பிரிச்சப்போ உங்க ஊர்ல நடந்தது

இலுப்பூர்க்காரன் (இப்போ குரோம்பேட்டை):
2008ல தொகுதி எல்லையெல்லாம் மாத்தி வரைஞ்ச மறுவரையறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வர்றேன். 2009 மே. கோயம்பேட்டுல பஸ் ஏறி ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவைக் கைத்தாங்கலா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல சீட்டு எழுதிக் கொடுத்த பையன் "கரூர் தொகுதி"ன்னு வாசிச்சான். அப்பத்தா அப்படியே நின்னுருச்சு. "கரூர்ல நமக்கு யாருடா இருக்கா?"

நாங்க பொண்ணு கொடுத்தது ஆலங்குடி, எடுத்தது அறந்தாங்கி. சந்தை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாம் புதுக்கோட்டை. அந்த எம்.பி. தொகுதியே இல்லாமப் போச்சு. மாவட்டத்தோட ஆறு சட்டமன்றத் தொகுதியும் நாலாப் பிரிஞ்சிருச்சு. விராலிமலை (எங்க தொகுதி) கரூருக்கு, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரே பந்தியில உட்கார்ற எங்க குடும்பத்துக்கு மூணு எம்.பி.

ஓட்டுப் போட்டுட்டு வந்த அப்பத்தா வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

ஏரிக்கரை மகள்:
எங்களுது வார்டுக் கதை. 2011ல சென்னை மாநகராட்சி 155 வார்டு 200 ஆச்சே, அப்போ சேர்த்த 25 ஊராட்சியில எங்களுதும் ஒண்ணு. அடுத்த ஜனவரி 26 காலையில எங்க நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கிராம சபைக்குக் கிளம்பிட்டாரு. பழைய ஊராட்சி ஆபீஸ் திண்ணையில இன்னும் நாலு பெரியவங்க காத்துட்டிருந்தாங்க. மாநகராட்சியில கிராம சபை கிடையாதுன்னு நான்தான் போய்ச் சொன்னேன். "அப்போ ஏரிக் கணக்கை யார்கிட்ட கேக்குறது?"ன்னாரு. எனக்கு வாயே வரலை.

வேளச்சேரிவாசி:
இலுப்பூர்க்காரரே, வருத்தம் புரியுது. ஆனா ஜனத்தொகைதானே கணக்கு? எங்க வேளச்சேரியே அப்போ புதுசா வந்த தொகுதி. சட்டமன்றத் தொகுதி மொத்தம் 234ங்கிறது மாறலை, இங்க கூடினா வேற எங்கயாவது குறையத்தான் செய்யும். பட்டியல்ல பேர் தேடி மூணு பூத் அலைஞ்சேன், என் அனுபவம் அவ்வளவுதான்.

அடுத்த தடவைக்கு இப்பவே தயாராகுங்க. மறுவரையறை ஆணையம் வரைவை அரசிதழ்ல போட்டு, ஆட்சேபனைக்குத் தேதி குறிச்சு, பொது அமர்வு வைக்கும். அங்க போய் மனசு கஷ்டமா இருக்குன்னா எடுபடாது. 2002 மறுவரையறைச் சட்டத்தோட 9ஆவது பிரிவுல நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதின்னு நாலையும் பார்க்கணும்னு இருக்கு. எந்த ஊருக்கு எத்தனை பஸ், எந்தக் கண்மாய்த் தண்ணி எந்த ஊர் வயலுக்குப் பாயுது, எந்த ஊர்ப் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடம் போகுது, எல்லாத்தையும் தாலுகா வரைபடத்துல குறிங்க. கிராம சபைத் தீர்மானம் போட்டு இணைங்க. இறுதி ஆணை வந்துட்டா கோர்ட்டுக்குப் போறதும் கஷ்டம், தொகுதி எல்லையைக் கோர்ட்டுல கேள்வி கேக்கக் கூடாதுங்கிற அரசியலமைப்போட 329ஆவது பிரிவு குறுக்கே நிக்கும்.

ஏரிக்கரை மகள்:
கிராம சபைத் தீர்மானம் போடச் சொல்றீங்க. எங்ககிட்ட இருந்து போனதே அதுதாங்க.

இலுப்பூர்க்காரன்:
வரைபடம் போடுறேன் சார், நிச்சயமா. ஆனா ஜனத்தொகைதான் கணக்குன்னு அப்பத்தாகிட்ட சொல்ல முடியலை. 2014 தேர்தலுக்கு முன்னாடியே அது போய்ச் சேர்ந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல கரூர்ப் பக்கம் பொண்ணு கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.