பெயர்ப்பலகைக்கு முன் அந்தக் கொப்பியை ஒருக்கால் பார்ப்போம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். வாசிகசாலைக்குப் பின்வளவில் கட்டும் மண்டபத்துக்குக் கூரை போட்டாயிற்று. தைப்பொங்கலோடு திறக்கலாம் என்று ஊரிலுள்ள நிர்வாகசபை எழுதியிருக்கிறது. இனி மிச்சம் பெயர்ப்பலகைதான். மண்டபத்துக்கு யாருடைய பெயரை வைப்பது என்று இரண்டு கிழமையாக நீங்கள் எல்லோரும் எழுதியதை ஒன்றுவிடாமல் வாசித்தேன். கூடுதலாகக் காசு தந்த அண்ணை தன் தாய் தகப்பனின் பெயரைக் கேட்டதில் பிழை இல்லை. பனி கொட்டும் ஊரில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. பெற்றவர்களை நினைத்துத்தான் தந்திருக்கிறார். ஆனாலும் என் விருப்பம் ‘ஊர்த்தொண்டர் மண்டபம்’ என்ற பெயர்தான்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது வாசிகசாலையின் பழைய செயலாளர் ஐயாவைப் பார்க்கப் போனேன். கதைத்துக்கொண்டிருந்தவர் எழும்பிப்போய், அலுமாரிக்கு மேலே இருந்த தகரப் பெட்டிக்குள்ளிருந்து தடித்த சீ.ஆர். கொப்பிகளை எடுத்து வந்தார். முதலாவது சிரமதான வரவுக் கொப்பி, ஊர்வேலைக்குக் கூலியில்லாமல் வந்தவர்களின் பதிவு. ஓரத்தைக் கறையான் அரித்துவிட்டது, நீல மை மங்கிவிட்டது, ஆனால் எழுத்து வாசிக்கலாம். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: “ஞாயிறு. குளக்கரை. 23 பேர். மண்வெட்டி 9, கடகம் 14, பிக்கான் 2. தேத்தண்ணி: வடக்கு வீடு.” அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். சிலர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், சிலர் பெருவிரல் அடையாளம். என்னுடைய பெரியப்பாவின் பெயரும் இருந்தது. அவர் மண்வெட்டி பிடித்ததை நான் கண்டதே இல்லை. எனக்குத் தெரிந்த பெரியப்பா சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த நோயாளி.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது வீடு வீடாகச் சேர்த்த அரிசியும் உடுப்பும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. கொத்து அளவையால் ஒரு கொத்து, இரண்டு கொத்து என்று. யாரும் பெரிதாகக் கொடுக்கவில்லை; கொடுக்காத வீடும் இல்லை.

அடுத்த கொப்பி தொண்ணூறுகளில் தொடங்குகிறது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு, திரியைக் கிள்ளிக் கிள்ளி எரித்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த நாளிலும் வாசிகசாலை பின்னேரம் திறந்திருந்தது. எந்த வீடு எந்த இரவுக்கு எண்ணெய் தந்தது என்று முறை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி எங்கள் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது, ஐயா சைக்கிளில் கொண்டுபோனது ஒரு அரிசிப் பையையும் இந்தக் கொப்பிகளையும் வாசிகசாலைப் பதிவுச் சான்றிதழையும்தான். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பியபோது புத்தகம் மட்டுமல்ல, கதவு நிலையும் இல்லை. திரும்பவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பவும் மண்வெட்டி, கடகம்.

2008 நவம்பரில் நிஷா புயல் மழை யாழ்ப்பாணத்தை மூழ்கடித்தபோது தெற்கோடு யாழ்ப்பாணத்தை இணைக்கும் ஏ9 பாதை பூட்டி இரண்டு வருடம் கடந்திருந்தது. சாமான் எல்லாம் கப்பலில்தான் வந்தது. அப்போதும் வாசிகசாலைத் திண்ணையில் அடுப்பு மூட்டி மூன்று நாள் கஞ்சி காய்ச்சியவர்கள் நம்முடைய பெடியளும் பெட்டையளும்தான். நாங்கள் காசு அனுப்பினோம், உண்மை. அந்தக் காசு கையில் கிடைக்குமுன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபத்தைத் தெரியாதவர் இல்லை. வீரசிங்கம் யார் என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, வடக்கின் கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்த பெருமனிதர் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? யாழ் பொது நூலகமும் அப்படித்தான். 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் புத்தகங்களைச் சேர்த்து வைத்துத் தொடங்கிய வேலை அது. 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று எல்லோருக்கும் தெரியும். செல்லப்பாவை எத்தனை பேருக்குத் தெரியும்? வாசலில் பெயரை மட்டும் எழுதிவிட்டால் கதை உதிர்ந்துவிடுகிறது. ஆகவே பலகையோடு நிற்காமல், கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்துப் பெரிதாக்கி மண்டபத்து உட்சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்கிறேன். கடகம் 14 என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பெயருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம். கலாநிதி, ஜே.பி. (சமாதான நீதவான்) என்ற பட்டங்கள் மட்டுமல்ல, ‘அமரர்’ என்ற சொல்லும் வேண்டாம். அந்தக் கொப்பியில் கையெழுத்து வைத்தவர்களில் இரண்டு பேர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அவர்களுடைய தாய்மார் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பலகை எழுதுகிறோம் என்று போய் அவர்களிடம் நாங்கள் என்ன கேட்பது? எல்லோருக்கும் வெறும் பெயர் போதும்.

பெண்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. கொப்பியில் ‘தேத்தண்ணி: வடக்கு வீடு’, ‘கஞ்சி: சந்தி வீடு’ என்று வீடுதான் இருக்கிறது, ஆள் இல்லை. அந்த வடக்கு வீடு யாருடைய வீடு தெரியுமா? இன்று பெயர் கேட்கும் அண்ணையின் வீடேதான். இருபத்துமூன்று பேருக்குத் தேத்தண்ணி ஊற்றியது அவருடைய அம்மா. எண்ணிப் பார்த்தேன், பதினொரு ஞாயிற்றுக்கிழமை ‘வடக்கு வீடு’ வருகிறது. அண்ணை, உங்கள் அம்மாவின் பெயர் அந்தச் சுவரில் முழுப் பெயராக வரவேண்டும் என்று உங்களுக்கு முன் நான் நிற்பேன். காசு தந்த மகனின் தாய் என்பதற்காக இல்லை, அந்தப் பதினொரு ஞாயிற்றுக்காக.

முடிவு எடுப்பது ஊர்ப் பொதுக்கூட்டம். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ரொறொன்ரோவும் லண்டனும் பாரிசும் சூரிச்சும் சேர்ந்து வாக்கெடுத்து அங்கே அனுப்புவது சரியில்லை. கருத்தை எழுதுவோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வேலை நாங்கள் செய்யலாம், நாங்கள்தான் செய்யவும் வேண்டும். கொப்பியின் படங்களை எல்லோருக்கும் அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு அவரவர் அம்மா, மாமி, பெரியம்மாவிடம் கேளுங்கள்: அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்படியில் நின்றது யார்? எண்பது கடந்தவர்கள் இனிக் கொஞ்சப் பேர்தான்.

நேற்று நான் என் அம்மாவைக் கேட்டேன். மூன்று வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்: “தேத்தண்ணிக்குச் சீனி தந்தது ஆர் எண்டும் எழுதுவியளோ? பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைச்ச சீனி, பிள்ளை. அவள் தன்ர பிள்ளையளுக்கு வைச்சிருந்தது.”

அந்தப் பெயரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கிழக்குத் தெருவிலிருந்து, இப்போது ரொறொன்ரோ