‘மரே விவா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களே,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்தாக வேண்டும். பிரேசிலின் சாவோ லூயிஸ் துறைமுகம் பற்றியது. அங்கே சில நாள்களில் கடல் 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஆங்கிலத்தில் அது ‘ஸ்பிரிங் டைட்’. போர்த்துகீசியத்தில் ‘மரே விவா’, உயிருள்ள ஓதம் (ஓதம் என்றால் கடலின் ஏற்ற இறக்கம்). எதிர்ச்சொல் ‘மரே மோர்த்தா’, செத்த ஓதம். பழைய வரைவில் ‘வசந்தகால ஓதம்’ என்று இருக்கிறது. தப்பு. இந்த ஸ்பிரிங் துள்ளி எழுவது. மாதம் இருமுறை, எல்லாப் பருவத்திலும் வரும். நல்ல சொல் தாருங்கள்.

—

உவாவோதம். அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ‘உவா’ என்ற ஒரே சொல் குறிக்கிறது. பிரித்துச் சொல்லக் காருவா, வெள்ளுவா இருக்கின்றன. புறநானூறு 65இல் உவவு நாளில் ஞாயிறு, திங்கள் என்ற இரு சுடர்களும் எதிரெதிரே நோக்குகின்றன. ஓதம் பெருகக் காரணமான நேர்கோடு அதுதானே! போர்த்துகீசிய அறிவியலாரின் ‘மரே டி சிசீஜியா’வும் இதையே சொல்கிறது. சிசீஜியாவின் கிரேக்க வேரில் நுகத்தடியில் இணைப்பது என்ற பொருள் உண்டு. கடல் உவந்து பொங்குவதால்தான் உவா என்பது என் எண்ணம்.

—

ஐயா, உவாவை உவத்தலோடு சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது கிடக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உவா புரியுமா? தவிர, ஓதம் உச்சத்தைத் தொடுவது பல கடற்கரைகளில் உவா கழிந்து ஓரிரு நாளில்தான். பேரோதம், சிற்றோதம் போதும். ‘உயிரோதம்’ மட்டும் வேண்டாம். பிரேசிலில் ‘ஆகுவா விவா’ என்றால் ஜெல்லிமீன், நம் கரையில் சொறி என்கிறோமே, அது.

—

பேரோதம் என்றால் தினமும் வரும் கடலேற்றம் என்று நினைத்துவிடுவார்கள், அக்கா. சிற்றோதத்திலும் சிக்கல். அந்த நாள்களில் கடல் அதிகம் ஏறாது, அதிகம் வற்றவும் வற்றாது. வற்றும் நேரத்தில் கரையோரச் சேற்றுக்கு மேல் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நீர் நிற்கும். அதில் சிறியது எது? ‘மந்த ஓதம்’ என்றால் மோர்த்தாவுக்கும் பக்கத்தில் வரும்.

—

மந்தம் வடசொல்.

—

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அனுப்பிவிட்டேன். பேரோதம், சிற்றோதம் என்றே போட்டு, முதலில் வரும் இடத்தில் ‘ஏற்ற இறக்க இடைவெளி மிகும் நாள்கள், குறையும் நாள்கள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்று பேர் இதற்கு, ஒருவர் மந்தத்துக்கு.

—

சரி. என் பட்டியலில் உவாவோதம் அப்படியே இருக்கும்.