பொதுத் தெரிவும் தனிச்சலுகை வேட்டையும்: சில கலைச்சொற்கள்

வணக்கம்.

அரசியல் முடிவுகளைப் பொருளியல் கண்ணால் பார்க்கும் 'பப்ளிக் சாய்ஸ்' துறையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். பெரும்பாலானவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு சொல்லுக்காக மட்டும் நீளமாக வாதாட வேண்டியிருக்கிறது. அதற்கு முன் துறையின் பெயரை முடித்துவிடலாம்.

> 'பப்ளிக் சாய்ஸ்' என்பதற்குப் 'பொதுத்தேர்வு' போதுமே. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்.

தெரிந்த சொற்களாக இருப்பதுதான் சிக்கல். 'பொதுத்தேர்வுக் கோட்பாடு' என்று தலைப்பு வைத்தால், மதிப்பெண் போடும் முறை பற்றிய கட்டுரை என்று நினைத்துப் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். மீதிப் பேர் அதே காரணத்துக்காக வரமாட்டார்கள். 'தெரிவு' என்ற சொல் இலங்கைப் பொருளியல் எழுத்தில் நன்றாகப் புழங்குகிறது, வேறு எதோடும் மோதவில்லை. ஆகவே பொதுத் தெரிவு.

'சமூகத் தெரிவு' என்ற மாற்றுப் பரிந்துரையை நான் ஏற்கமாட்டேன். அது வேறு ஒரு கிளையின் பெயர். தனிமனிதர்களின் விருப்ப வரிசைகளைச் சேர்த்து முரணில்லாத ஒரு கூட்டு விருப்பத்தை உருவாக்க முடியுமா என்று 1785இல் பிரெஞ்சு அறிஞர் கோந்தொர்சே தொட்ட கேள்வியை, 1951இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ கணித வடிவில் எடுத்துக்கொண்டார். அந்தக் கிளைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். நம் துறையின் கேள்வி அவ்வளவு உயரத்தில் இல்லை. வாக்காளர், சட்டமன்ற உறுப்பினர், அதிகாரி ஆகிய மூவரும் கடைக்குப் போகும் அதே மனிதர்கள்தான் என்று வைத்துக்கொண்டால் அரசு எப்படி நடக்கும் என்பதே கேள்வி. ஜேம்ஸ் புக்கனனும் கோர்டன் டல்லக்கும் 1962இல் சேர்ந்து எழுதிய நூலோடு இது தனித் துறையாக உருவெடுத்தது. புக்கனனுக்கு 1986இல் நோபல் கிடைத்தது. டல்லக் 1966இல் தொடங்கிய ஆய்விதழின் பெயரே முதலில் 'சந்தை சாரா முடிவெடுத்தல்' என்ற பொருளில்தான் இருந்தது, 1968இல் 'பப்ளிக் சாய்ஸ்' என்று மாற்றினார்கள். அவர்களே ஒரு பெயரைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள், நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

சரி, இப்போது 'ரென்ட் சீக்கிங்', அதாவது அரசின் ஆணையாலோ உரிமத்தாலோ கிடைக்கும் ஆதாயத்தைப் பிடிக்க ஓடுவது.

> 'வாடகை தேடல்' என்று ஏற்கெனவே சில இடங்களில் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். படிப்பவர் மனத்தில் குடியிருக்க வீடு பார்க்கும் ஒருவர்தான் வருகிறார். பாடநூல் வழக்கில் பழைய பொருளியலாளர் ரிக்கார்டோவின் 'ரென்ட்' 'வாரம்' ஆகும். நிலத்துக்குக் கொடுக்கும் விளைச்சல் பங்கு என்ற பழைய பொருளிலிருந்து வந்த நல்ல சொல். ஆனால் 'வாரம் தேடல்' என்றால் ஏழு நாள்தான் நினைவுக்கு வரும். இன்னொரு தடையும் உண்டு. ரிக்கார்டோவின் வாரம் நிலவளத்தின் வேறுபாட்டால் தானாக உருவாவது. யாரும் அதற்காக அலுவலகப் படி ஏறுவதில்லை. இங்கே பேசப்படும் ஆதாயமோ ஒரு ஆணையால், ஒரு உரிமத்தால், ஒரு சுங்கவரியால் செயற்கையாக உண்டாக்கப்படுவது. அதைப் பெறுவதற்கான ஓட்டம்தான் இந்தக் கருத்தின் உயிர்.

டல்லக் 1967இல் இதை விளக்கியபோது அவருக்கே பெயர் கிடைக்கவில்லை. சுங்கவரியாலும் முற்றுரிமையாலும் வரும் இழப்பு மிகச் சிறியது என்று அப்போது பலரும் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விலை ஏறுவதால் வாங்காமல் போனவர்களின் இழப்பை மட்டும் எண்ணினார்கள். வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போனது, அவ்வளவுதான் என்று ஒதுக்கினார்கள். அந்தப் பணம் தன் பைக்கு வர வேண்டும் என்று எத்தனை பேர் எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேட்டவர் டல்லக். திருட்டையும் அவர் இதே கணக்கில் சேர்த்தார். திருடு போன பொருள் கைமாறுகிறது. ஆனால் திருடன் செலவிட்ட உழைப்பும், ஊர் முழுக்கப் போட்ட பூட்டுகளும் யாருக்கும் எதையும் உற்பத்தி செய்து தரவில்லை.

'ரென்ட் சீக்கிங்' என்று பெயர் வைத்தவர் பொருளியலாளர் ஆன் க்ரூகர், 1974இல். அவர் எடுத்துக்கொண்டது இந்தியாவும் துருக்கியும். இந்தியாவில் 1964இல் இப்படிப்பட்ட ஆதாயங்கள் தேசிய வருமானத்தில் சுமார் 7.3 சதவீதம் என்றும், துருக்கியில் 1968இல் இறக்குமதி உரிமங்கள் தொடர்பானவை மட்டும் சுமார் 15 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்.

> அப்படியானால் 'ஊழல்' என்றே சொல்லிவிடலாமே?

கூடாது. இந்த இழையில் வந்தவற்றில் எனக்கு முற்றிலும் உடன்பாடில்லாத பரிந்துரை இது ஒன்றுதான். இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டது. ஆலையின் உற்பத்தித் திறனைப் பார்த்து மூலப்பொருள் இறக்குமதி உரிமம் ஒதுக்கினால், ஏற்கெனவே பாதி இயந்திரம் சும்மா நிற்கும் ஆலையைக்கூட முதலாளி விரிவாக்குவார். இது க்ரூகரே சொன்ன எடுத்துக்காட்டு. இதில் கையூட்டு எங்கே இருக்கிறது? மனுப் போட்டது, வழக்கறிஞர் வைத்தது, தலைநகரில் அலுவலகம் திறந்தது எல்லாமே ஒழுங்கான ரசீதோடு நடக்கும். மறுபுறம், கையூட்டு வெறும் கைமாற்றம்போலத் தெரிந்தாலும், அதை வாங்கும் அதிகாரியின் நாற்காலியில் உட்காரப் பல பேர் பல ஆண்டு முட்டி மோதும்போது அங்கேயும் இதே விரயம் வந்துவிடுகிறது.

என் பரிந்துரை: தனிச்சலுகை வேட்டை.

'சலுகை' மட்டும் போதாது. தள்ளுபடி, கட்டணக் குறைப்பு, மாணவர் சலுகை என்று எல்லோருக்கும் கிடைக்கும் நல்ல காரியங்களும் அதில் அடங்கும். 'தனி' சேர்ந்தால்தான் சிலருக்கு மட்டும், பிறரை விலக்கி, என்ற பொருள் வரும். டல்லக்கும் பிற்காலத்தில் இதை விளக்கும்போது தனிச்சலுகை என்ற கருத்தையே முன்னால் வைத்தார்.

'வேட்டை'க்கு இங்கே கடும் எதிர்ப்பு வந்திருக்கிறது. அது வசைச்சொல்போல இருக்கிறது, கோட்பாடோ யாரையும் திட்டவில்லை, 'நாட்டம்' என்று நடுநிலையாகச் சொல்லலாம் என்கிறார்கள். வலுவான வாதம்தான். இலாப நாட்டம், சலுகை நாட்டம் என்று இணையாக அமைவதும் அழகு. ஆனால் நாட்டம் மனத்துக்குள் இருப்பது, அதற்குச் செலவு கிடையாது. வேட்டைக்குப் பத்துப் பேர் போனால் மான் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரின் பொழுதும் அம்பும் போனது போனதுதான். டல்லக் 1980இல் கணித மாதிரியாகக் காட்டியதும் இதைத்தான். 100 மதிப்புள்ள ஒரு பரிசுக்கு, செலவழிக்கும் அளவுக்கு ஏற்ப வாய்ப்பு கூடும் எளிய போட்டியில், இருவர் இறங்கினால் ஆளுக்கு 25 செலவிடுவார்கள். பத்துப் பேர் இறங்கினால் ஆளுக்கு 9, மொத்தம் 90. பரிசில் பெரும்பகுதியைப் போட்டியே தின்றுவிடுகிறது. தோற்றவர்களின் செலவைக் காட்டாத எந்தச் சொல்லும் இந்தக் கருத்துக்குப் பொருந்தாது என்பது என் நிலை. கொஞ்சம் வசை ஒட்டினால் ஒட்டட்டும்.

வினைவடிவும் எளிது: 'தனிச்சலுகை வேட்டையில் இறங்கும் நிறுவனங்கள்' என்று தடையில்லாமல் எழுதலாம். 'வாடகை தேடும் நிறுவனங்கள்' என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்து, ஆன்டனி டவுன்ஸ் 1957இல் சொன்ன 'ரேஷனல் இக்னரன்ஸ்'. 'பகுத்தறிவு அறியாமை' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தமிழில் பகுத்தறிவு என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட இயக்க வரலாறு இருக்கிறது. அதைப் படித்ததும் மனம் கடவுள் மறுப்புக்குப் போய்விடும், வாக்குச்சாவடிக்கு வராது. டவுன்ஸ் சொன்னது எளிய விஷயம். ஒரு வாக்கால் முடிவு மாறும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்னும்போது, வரவுசெலவுத் திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் நேரச் செலவு வாக்காளருக்குக் கட்டுப்படியாகாது. அவர் மந்தமானவர் அல்ல, கணக்குப் பார்த்தவர். அதனால் 'கணக்குப் பார்த்த அறியாமை' என்கிறேன். கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு இல்லை என்றால் சுருக்கித் தாருங்கள், ஆனால் 'கணக்கு' போகக் கூடாது. இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி போட்டு விலையை ஏற்றினால் உள்நாட்டு ஆலைக்காரருக்கு அது வாழ்வா சாவா. வாங்குபவருக்கோ சில்லறைக் காசு, அதற்காக அவர் ஏன் சட்ட முன்வரைவைப் படிக்கப் போகிறார்? சிறு குழுக்களே எளிதாக ஒன்றுதிரண்டு காரியம் சாதிக்கும் என்று மன்சர் ஓல்சன் 1965இல் சொன்னதும் தனிச்சலுகை வேட்டையும் சந்திக்கும் இடம் இதுதான்.

சட்டமன்ற உறுப்பினர்கள் ஒருவர் திட்டத்துக்கு மற்றவர் வாக்களித்துக்கொள்ளும் 'லாக்ரோலிங்' என்பதற்கு வந்த 'வாக்குப் பண்டமாற்று' பரவாயில்லை. எனக்கு 'வாக்குக் கைமாற்று' இன்னும் பிடித்திருக்கிறது. வட்டியில்லாமல் வாங்கி, சொன்னபடி திருப்பித் தரும் கடனைத்தானே கைமாற்று என்கிறோம்? இன்று உன் அணைக்கு நான் கை தூக்குகிறேன், நாளை என் பாலத்துக்கு நீ தூக்கு. எழுதி வாங்குவதில்லை, ஆனால் திருப்பித் தராதவருக்கு அடுத்த முறை யாரும் தரமாட்டார்கள். வாக்காளருக்குப் பணம் கொடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு.

வாக்காளர்களை விருப்பப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் 'மீடியன் வோட்டர்' இடைநிலை வாக்காளராகவே இருக்கட்டும், விவாதமே வேண்டாம். ஆனால் விளக்கத்தில் 'சராசரி மனிதர் அல்லர்' என்று ஒரு வரி போட வேண்டும். ஸ்டிக்லர் 1971இல் எழுதிய 'ரெகுலேட்டரி கேப்ச்சர்' கருத்துக்கு 'கைப்பற்றல்' என்பது படையெடுப்புபோல ஒலிக்கிறது. கண்காணிக்க வந்த அமைப்பு, தான் கண்காணிக்கும் தொழிலின் பக்கம் சாய்வதுதான் பொருள் என்பதால் 'வசமாதல்' என்று வைக்கலாமா? 'கண்காணிப்பு அமைப்பு தொழிலுக்கு வசமானது' என்ற தொடர் எனக்கு இயல்பாகப் படுகிறது. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.