சைகையைக் கண்ணால் பிடித்தால் கெட்டித்தனம், கமராவால் பிடித்தால் களவா?

முறிகண்டியான்:
எங்கள் பக்கத்து மென்பந்துச் சுற்றுப்போட்டியில் எதிரணிப் பந்துவீச்சாளர் மெதுபந்து போடுமுன் கீப்பருக்குக் காதைத் தொட்டுக் காட்டுவதை எங்கள் பெடியன் ஒருவன் பிடித்துவிட்டான். அது சரி. இப்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே போனை ஸ்டாண்டில் வைத்து சூம் பண்ணிப் பார்த்து, துடுப்பாட்டக்காரனுக்கு விசில் அடிக்கலாம் என்கிறான். கழகத்துக்குள் ஒரே சண்டை. பேஸ்போலில் இப்படி ஏதோ பெரிய பிரச்சினை நடந்ததாமே?

மாங்குளம் சந்தி:
ஓம் தம்பி, அமெரிக்காவின் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணி, 2017. பேஸ்போலில் எங்கள் கீப்பர் மாதிரி இருக்கிற கேட்சர், என்ன பந்து போடுவதென்று பந்துவீச்சாளருக்கு விரலால் சைகை காட்டுவார். பந்துவீச்சாளருக்குப் பின்னால், இரண்டாவது பேஸில் நிற்கிற ஓட்டக்காரன் கேட்சரின் விரலைக் கண்ணால் பார்த்து அடிப்பவனுக்குக் காட்டுவது அங்கே பழைய வழக்கம், விதியிலும் தடையில்லை. இவர்கள் செய்தது வேறு. மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த கமராவின் படத்தை, வீரர்கள் இருக்குமிடத்துக்குப் பின்னால் ஒரு திரையில் ஓடவிட்டு, வேகப்பந்து அல்லாதது வரப்போகிறது என்றால் குப்பைத்தொட்டியில் டம் டம் என்று அடிப்பார்கள், சத்தம் இல்லையென்றால் வேகப்பந்து. சிக்காகோ வைட் சொக்ஸ் பந்துவீச்சாளர் டானி ஃபர்குவார் அந்தச் சத்தத்தைக் கவனித்து, கேட்சரைக் கூப்பிட்டு ஆட்டத்தின் நடுவிலேயே சைகையை மாற்றினார். 2020 ஜனவரியில் அஸ்ட்ரோஸுக்கு 50 இலட்சம் டொலர் தண்டம். மனேஜருக்கும் பொது முகாமையாளருக்கும் ஒரு வருடத் தடை, அன்றே வேலையும் போனது. வீரர்கள் தப்பினார்கள், 2017இல் வென்ற கிண்ணமும் பறிபோகவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

வவுனிக்குளத்தான்:
உது புதுசா? 1951இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் பேஸ்போல் அணி தொலைநோக்கியால் பார்த்து, மணி அடித்துச் சைகை கடத்தினவர்கள். வெளியே வர ஐம்பது வருடம் எடுத்தது. கருவி மாறுதே தவிர ஆசை மாறேல்ல. தொலைநோக்கி களவென்றால் கூர்மையான கண்ணும் களவுதானே?

மாங்குளம் சந்தி:
இல்லை அண்ணை. ஓட்டக்காரன் களத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறான், அவன் பார்ப்பது எதிரணிக்கும் தெரியும், சைகையை மாற்றித் தப்பலாம். ஒளித்துவைத்த திரைக்கு என்ன செய்வது? அதனால்தான் 2022இல் பிட்ச்கொம் என்ற கருவி வந்தது. கேட்சர் பொத்தானை அமத்த, பந்துவீச்சாளரின் தொப்பிக்குள் குரல் கேட்கும், விரலே தேவையில்லை. கிரிக்கெட்டிலும் 1999 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்கத் தலைவர் ஹன்சி குரோனியே பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கக் காதில் கருவி மாட்டி இறங்கினார், அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை, பிறகுதான் தடை வந்தது.

முறிகண்டியான்:
அப்ப விசில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். போன்?

மாங்குளம் சந்தி:
வீடியோ எடுங்கோ, இரவு வீட்டில் போட்டுப் பாருங்கோ. ஆட்டம் நடக்கும்போது திரையைப் பார்த்துத் தகவல் சொல்லக்கூடாது என்று ஏற்பாட்டாளர்களிடம் விதி போடச் சொல்லுங்கோ, மற்ற அணியிலும் போன் இருக்குத்தானே.