1963 எம்ஜிபி ரோட்ஸ்டர்: பழைய உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும்.

போன வருடம் நான் வாங்கிய எம்ஜிபி (எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்), 1963-ல் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் (தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள விவரத்தைத் தருவது) வாங்கிவிட்டேன். முதல் நிறம் ஐரிஸ் ப்ளூ என்று அதில் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் சொல்லும் கதை தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. பிறகு யார் யாரிடம் இருந்தது, யார் பழுது பார்த்தார்கள் என்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லை.

இப்போது கார் சிவப்பு. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால், ஒயர் கட்டுக்குப் பின்னால் அந்த வெளிர் நீலம் அப்படியே இருக்கிறது. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இன்ஜின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறது. அது ஐந்து மெயின் பேரிங் (இன்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பகுதி) கொண்ட இன்ஜின், 1964 கடைசியில்தான் வந்தது. ஆக, யாரோ மாற்றியிருக்கிறார்கள். முதலில் இருந்த மூன்று பேரிங் இன்ஜினைவிட உறுதியானது என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற பகுதியைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது: துருவைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

1974-க்கு முன் வண்டிப் பதிவு உள்ளூர் கவுன்சில்களிடம்தான் இருந்தது. அந்தப் பதிவேடுகள் சில கவுண்டி (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகங்களில் இன்னும் இருக்கின்றன. அப்படித் தேடிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? கடிதத்தில் என்னென்ன விவரம் கொடுத்தீர்கள்? பழைய எம்ஜி கிளப் உறுப்பினர்களைத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அடுத்த மாதம் சில்லைப் பிரிக்கிறேன், அதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.