தாலி இல்லாத கல்யாணம், கல்யாணமே இல்லாத குடித்தனம்: உங்கள் அனுபவம் என்ன?

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். 2001-இல் மதுரையில், நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாலை மாற்றிக்கொண்டோம். ஐயரும் இல்லை, தாலியும் இல்லை. பதிவும் செய்யவில்லை, தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது.

2016-இல் மாரடைப்பில் கணவர் போய்விட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அவருடைய அண்ணன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்: “சேர்ந்து வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். கல்யாணம் நடக்கவில்லை.” தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் மனுவைப் படிப்பதற்கு முன்னால் என் கழுத்தைப் பார்த்தார். “கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள், அம்மா” என்றார்.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். இதை வக்கீல் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. பிறகு அவர் கேட்டார்: “மாலை மாற்றியதற்குச் சாட்சி?” எங்களிடம் இருந்தவை மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் மாலையோடு நிற்கிறோம். மாற்றிக்கொள்ளும் படம் ஒன்றுகூட இல்லை!

என்னை விலக்கினால் என் மகளும் விலகுவாள், சொத்து முழுவதும் என் மாமியாரான அத்தைக்குப் போகும், அங்கிருந்து தனக்கு வரும் என்பது அண்ணனின் கணக்கு. அந்த அத்தைதான் சாட்சிக் கூண்டில் ஏறி, “மாலையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்” என்றார். அத்தை, நான், மகள் மூவருக்கும் சம பங்கு என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

*

உங்களுக்காவது மாலை இருந்தது. நான் சென்னையில் ஆறு ஆண்டுகள் ஒருவரோடு குடித்தனம் நடத்தினேன். ரேஷன் கார்டிலும் என் பெயர் இருந்தது. ஒரு நாள் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 திருமணம் ஆகாதவர்களுக்கும் பொருந்தும் என்று கேள்விப்பட்டு, அந்தச் சட்டத்துக்கென உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாரா?” 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்றாம்: இருவரும் மணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஊர் கண்ணுக்குக் கணவன் மனைவியாகத் தெரிய வேண்டும். அவருக்கு மனைவி இல்லை, நல்ல வேளை. வீட்டுக்குள் திரும்பிப் போக உத்தரவு கிடைத்தது, மாதச் செலவுக்கும் பணம் வருகிறது. ஆனால் நாளை அவர் இறந்தால் வாரிசு வரிசையில் எனக்கு இடம் இல்லை. உயில் எழுதினால்தான் உண்டு என்கிறார் வக்கீல். பூட்டை மாற்றியவரிடம் போய் உயில் கேட்பதா?

*

எங்கள் அப்பா அரசு ஊழியர். அம்மா அவருக்கு இரண்டாம் மனைவி. பெரியம்மா உயிரோடு இருக்கும்போது கோயிலில், ஊர் அறிய நடந்த கல்யாணம். சட்டத்தின் முன் செல்லாது. பிள்ளைகள் மீது மட்டும் அந்தக் குறை ஒட்டாது. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எங்களைச் சட்டப்படியான பிள்ளைகள் என்கிறது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கேட்க முடியாது, ஆனால் அதில் அப்பாவுக்கு உரிய பங்கில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்துத்தான் பெரியம்மா பிள்ளைகளோடு பேசி முடித்தோம். குடும்ப ஓய்வூதியம் பெரியம்மாவுக்குப் போகிறது. அம்மா எங்களோடு இருக்கிறார்.