நிலாவெளி ஓட்டத்தில் கத்தும் பெல்ட்

கேள்வி:
திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் பிள்ளைகளை ஏற்றும் என் பழைய டொயோட்டா டீசல் வான், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிடுகிறது. விளக்கும் ஏசியும் போட்டால் சத்தம் இன்னும் கூடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டில் சவர்க்காரம் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?

பதில்:
தேய்க்கவே வேண்டாம், தம்பி. என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டின் பக்கங்களைப் பாருங்கள். இந்த வி-பெல்ட் (V வடிவ பெல்ட்) கப்பியைப் பிடிப்பது பக்கங்களால்தான். அவை கண்ணாடிபோல் மினுங்கினால் அது வழுக்குகிறது. கப்பிப் பள்ளத்தின் அடியைத் தொட்டு ஓடினால் தேய்ந்துவிட்டது. எண்ணெய் கசிந்திருந்தால் முதலில் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புதியதும் கெட்டுவிடும்.

இன்னொன்று: இவ்வகைப் பல டீசல் வான்களில் பிரேக்கை இலகுவாக மிதிக்க உதவும் வெக்யூம் பம்ப் (காற்றை உறிஞ்சும் பம்ப்) ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, பிரேக் மிதியும் கல்லாக இறுகும். பிள்ளைகள் இருக்கும் வண்டி, நாள் கடத்தாதீர்கள்.

பதில்:
இரண்டு பெல்ட் சேர்ந்து ஓடினால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். புது பெல்ட்டை மாட்டியபின், இரு கப்பிகளுக்கு நடுவில் அதைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. தாழ வேண்டும். அதிகம் இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. கழற்றிப் பார்த்தேன், உட்பக்கம் முழுவதும் வெடிப்பு. இரண்டையும் மாற்றிவிட்டேன், சத்தம் இல்லை. மீண்டும் இறுக்க வேண்டுமா?

பதில்:
ஆம். புது பெல்ட் சில நாள் ஓடியதும் தளரும், அப்போது ஒருமுறை பாருங்கள்.